புளி போட்டுத் தேய்த்த லேத்து

நான் போய்ச் சேர்ந்தபோது என் லேத்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

வெயில் இன்னும் பலா மரங்களுக்கு மேலே ஏறவில்லை. மிஷின் கொட்டகையின் தகரக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே நான்கு பெண்கள், இரண்டு குடம் வெந்நீர். ஒரு கிண்ணத்தில் கரைத்த புளி, இன்னொரு கிண்ணத்தில் செங்கல் தூள். கல்யாணத்துக்கு முந்தின நாள் அண்டாவையும் குண்டாவையும் தேய்ப்பதுபோல், தேங்காய் நாரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கை சலிக்காமல் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

தரையில் கறுப்புத் தண்ணீர் ஓடியது. அதில் பச்சைப் பெயின்ட் செதில் செதிலாக மிதந்தது. நேற்றுவரை அந்தப் பெயின்ட் என் லேத்தின் மேல் இருந்தது.

"வாங்க மாப்ள" என்றார் பாப்பாத்தியக்கா, திரும்பிப் பார்க்காமலே. "செத்த இருங்க. அடிப்பக்கம் மட்டுந்தான் பாக்கி."

லேத்து தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இரும்புத் துண்டைக் கவ்விப் பிடித்துச் சுழற்றி, உளியால் சீவி, உருண்டையாகக் கடைந்து தரும் இயந்திரம் அது. கடையும் உளி ஒரு சின்ன வண்டியில் உட்கார்ந்து நகரும். அந்த வண்டிக்குத் தண்டவாளம் மாதிரி நீளமாக ஒரு இரும்புப் படுக்கை உண்டு. பெட் என்பார்கள். நல்ல பட்டறையில் பெட்டின் மேல் ஒரு துளி மண் விழுந்தால்கூட ஊதித் துடைத்து எண்ணெய் பூசுவார்கள். தண்ணீர்ச் சொம்பைப் பக்கத்தில் வைக்க விடமாட்டார்கள். செங்கல் தூள் போட்டுத் தேய்த்தவர்கள் என் ஊர்க்காரர்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

நான் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அருவாளிலா கடைவீர்கள்?

இந்தத் தொடரைப் படித்து வருபவர்களுக்கு ஓரிடத்தில் நிற்காத என் கால்களைப் பற்றித் தெரியும். எட்டாம் வகுப்பில் பாதியோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். புரோட்டா கடை, கோழிப்பண்ணை, நூல் மில், லாரி. அதற்கப்புறம் பதினோரு வருஷம் போர்வெல் வண்டியில் ஆந்திரா முதல் ராஜஸ்தான் வரை தரையில் துளை போட்டேன். வண்டிக்கு அடியில் படுத்துத் தூங்கினேன். இடது கைச் சுண்டுவிரலின் நுனி சத்தீஸ்கரில் எங்கேயோ கிடக்கிறது. எந்த வேலையிலும் நான் சண்டை போட்டு வெளியே வந்ததில்லை. ஒரு நாள் காலையில் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வேன். அவ்வளவுதான்.

சரசுவைக் கல்யாணம் செய்துகொண்டு, மலைமேல் இருக்கும் அவளுடைய ஊரான வளப்பூர் நாட்டுக்கே குடிவந்தேன். அதனால் சின்னக் குழந்தை தவிர ஊரே என்னை மாப்ள என்றுதான் கூப்பிடும். மலையில் வெல்டிங் வேலை கிடைத்தது. கேட், ஜன்னல், மிளகுக் கொடிக்கு ஏணி. பரவாயில்லாமல் ஓடியது.

ஊரில் மகளிர் குழு ஒன்று சாமை குத்தும் மிஷின் வைத்திருக்கிறது. பாப்பாத்தியக்காதான் அதற்குத் தலைவி. மிஷின் வருவதற்கு முன்னால் பாறையில் குழி வெட்டி, அதில் சாமையைப் போட்டு உலக்கையால் குத்துவார்கள். ஒரு படி அரிசி பார்ப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். மிஷின் வந்த பிறகு அந்த உலக்கைகளைப் பந்தல் போட எடுத்துக்கொண்டார்கள்.

அந்த மிஷினின் நடுத்தண்டு, அதாவது ஷாஃப்ட், உடைந்தது. பழைய சேலையில் சுற்றி, மடியில் வைத்து, பஸ் ஏறி, கீழே இறங்கிப் பட்டறையில் புதிதாகக் கடைந்து வாங்கி வந்தார்கள். கண்டக்டர் "இந்தக் கொழந்தைக்கு டிக்கெட் வேண்டாங்களா?" என்று கேட்டாராம். போய்வர இரண்டு நாள். வந்த ஷாஃப்ட் பேரிங்குக்குள் ஒரு மயிரிழை லூசாக உட்கார்ந்தது. ஒரே மாதத்தில் ஆடி ஆடி மறுபடியும் உடைந்தது. மறுபடி பஸ், மறுபடி மடி. அதுவும் போயிற்று.

மூன்றாவது முறை உடைந்தபோது பாப்பாத்தியக்கா எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"குழுவுல பேசியாச்சுங்க மாப்ள. சாமை அறுப்புக்குள்ள மிசினு ஓடலைன்னா வித்துரலாம்னு. கீழ இருந்து ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு."

"அப்புறம்?"

"அப்புறமென்ன. பந்தல்ல இருக்கிற ஒலக்கைய உருவ வேண்டியதுதான்."

நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். என்ன நினைத்தேனோ, "நானே கடைஞ்சு தர்றேன்" என்று சொல்லிவிட்டேன்.

"எதுலீங்க? அருவாள்லயா?"

சரசு உள்ளேயிருந்து சிரித்தது கேட்டது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. லேத்து வாங்கப் போகிறேன் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அதைப் பற்றி யோசித்தேன்.

அக்கா போன பிறகு சரசு வந்தாள். "ஏனுங்க, நெசமாவே வாங்குவீங்களா?"

"வாங்குவேன்."

"அப்ப நல்லா கனமா இருக்கிறதாப் பாத்து வாங்குங்க. தோள்ல போட்டுக்கிட்டுக் கெளம்ப முடியாத சாமானா."

பாட்டுப் போட்ட வீடியோ

புது லேத்து என் வழிக்கு வராது. பழையதுதான். எங்கள் ஊரில் பஸ் நிற்கும் இடத்தில் மட்டும்தான் போனுக்குச் சிக்னல் ஒழுங்காக வரும். ஒரு வாரம் அங்கே உட்கார்ந்து பழைய மிஷின் விற்பவர்களுக்குப் போன் போட்டேன். நடுவில் பஸ் வந்தால் எழுந்து நிற்பேன். ஏறாமல் உட்கார்ந்துவிடுவேன். டிரைவர் ஹாரன் அடித்துக் கேலி செய்வார்.

கோயம்புத்தூரில் யார்டு வைத்திருந்த முருகேசன் என்பவர் ஒரு வீடியோ அனுப்பினார். நாலரை அடி லேத்து, கிளிப்பச்சை நிறம். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சக் வழவழவென்று சுற்றியது. பின்னால் ஒரு குத்துப்பாட்டு. நான் அந்த வீடியோவைப் பதினைந்து தடவை பார்த்திருப்பேன். பாட்டு நன்றாக இருந்தது.

அந்தப் பாட்டு எதற்கு என்று பதினைந்து தடவையும் எனக்குத் தோன்றவில்லை. கியரில் ஒரு பல் உடைந்திருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் "டக்" என்று ஒரு சத்தம் வரும். பாட்டு போட்டால் வராது.

நேரில் போனேன். யார்டு என்றால் பெரிய தகர ஷெட். உள்ளே லேத்துகள், டிரில்லிங் மிஷின்கள், பெயர் தெரியாத இன்னும் என்னென்னவோ, சந்தையில் மாடு கட்டின மாதிரி வரிசையாக நின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே கிளிப்பச்சை. ஒரு மூலையில் ஒருவர் இன்னொரு மிஷினுக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்ணா, வாங்ணா. உங்களுக்குன்னே எடுத்து வெச்சிருக்கறனுங்ணா" என்றார் முருகேசன். "பசங்க படிக்கிற எடத்துல கெடந்த மிஷினுங்ணா இது. ஒரு வேலையும் பாக்கலை. சாக்பீஸ்கூடக் கடையலைங்ணா."

"ஓட்டிப் பார்க்கலாமா?"

"அய்யோ, இன்னைக்குன்னு பாத்து லைன் இல்லீங்ணா. அதான் வீடியோவுல பாத்துட்டீங்களே?"

நான் கையால் சக்கைச் சுற்றிப் பார்த்தேன். சுற்றியது. கைப்பிடிகளைத் திருகினேன். திருகின. பெயின்டைத் தடவிப் பார்த்தேன், ஈரமில்லை. வேறு என்ன பார்ப்பது என்று தெரியவில்லை. தெரிந்த ஆள் மாதிரி குனிந்து அடியில் பார்த்தேன். அங்கேயும் பச்சையாகத்தான் இருந்தது.

ஒன்றே ஒன்றை மட்டும் சரியாகச் செய்தேன். அதுவும் அறிவால் செய்ததில்லை, பழக்கத்தால். போர்வெல் வண்டியில் இருந்தவனுக்கு, கீழே கிடக்கும் எந்த இரும்பையும் விட்டுவிட்டு வர மனசு வராது. லேத்துக்கு அடியில் பலகைக்குப் பின்னால் தூசி படிந்து சில பல்சக்கரங்கள், இரண்டு கூர்முனைகள், கொக்கி மாதிரி ஒரு துண்டு, பெரிய சாவி எல்லாம் கிடந்தன. "இதையும் எடுத்துக்கட்டுமா?" என்றேன்.

"அதெல்லாம் ஒடைசலுங்ணா. உங்களுக்கெதுக்கு? சரி, எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க." ஒரு சாக்கும் கொடுத்தார். பேரம் முடிந்த சந்தோஷத்தில் டீயும் வாங்கிக் கொடுத்தார்.

அந்தச் சாக்கு இல்லாமல் லேத்து பாதி லேத்துதான் என்பது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

வளைவில் வந்த ஞாபகம்

மினி லாரியில் ஏற்றினோம். கடைந்து பார்க்க வேண்டிய புது இரும்பு ராடு ஒன்று, ஷாஃப்டுக்கு வேண்டிய நீளத்தில் வாங்கிக்கொண்டேன். ஒன்றே ஒன்று.

நான் பின்னால் லேத்தோடு உட்கார்ந்துகொண்டேன். லேத்தின் கடைக்கோடியில் டெயில் ஸ்டாக் என்ற ஒரு பகுதி இருக்கும். கடைகிற நீளமான இரும்பின் மறுமுனையைத் தாங்கிப் பிடிப்பது. அதை முடுக்கி நிறுத்த வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியாது. காரவள்ளி தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் வலது வளைவுக்கு அது இந்தப் பக்கம் ஓடி "டங்" என்று இடித்தது. இடது வளைவுக்கு அந்தப் பக்கம் ஓடி "டங்". டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "ஏனுங்ணா, கோயில் மணி எதாச்சும் கூட ஏத்திட்டீங்களா?" என்றார்.

இருபதாவது வளைவோ என்னவோ, காற்று குளிர ஆரம்பித்த இடத்தில், எனக்கு ஒரு ஆள் ஞாபகம் வந்தார்.

நாக்பூர் தாண்டி ஒரு ஹைவே பட்டறையில் எங்கள் போர்வெல் வண்டியின் பாகம் ஒன்றைக் கடையக் கொடுத்துக் காத்துக்கிடந்தோம். அந்தப் பட்டறைக்காரர் தாடிவைத்த சர்தார். அன்று ஒரு பழைய லேத்தை யாரோ அவரிடம் விற்க வந்தார்கள். அவர் பெயின்டைப் பார்க்கவில்லை. பேசவும் இல்லை. கட்டைவிரல் நகத்தை பெட்டின் மேல் வைத்து, கடைக்கோடியிலிருந்து சக் வரைக்கும் மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். சக் பக்கத்தில் ஒரு இடத்தில் நகம் தட்டி நின்றது. அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். வேலை எப்போதும் சக் பக்கத்தில்தான் நடக்கும். அதனால் பெட் அங்கேதான் தேய்ந்து பள்ளமாகும். நான் அப்போது ஆலு பரோட்டா சாப்பிட்டுக்கொண்டு பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான்.

ஆடுகிற லாரியில் முட்டி போட்டு உட்கார்ந்து என் நகத்தை பெட்டின் மேல் வைத்து இழுத்தேன்.

சக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி, நகம் தட்டியது.

நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை. மிச்ச வளைவுகளுக்கும் மணி அடித்துக்கொண்டே வந்து சேர்ந்தேன்.

தோளில் வந்தது

வீட்டுப் பக்கத்தில் வெல்டிங் கொட்டகையில் வைப்பதாகத் திட்டம். லைன்மேன் சேவியர் வந்து பார்த்தார். திருச்சிப் பக்கத்துக்காரர். மலைக்கு மாற்றலாகி வந்து நாலு வருஷமாக, அடுத்த மாதம் போய்விடுவேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். மோட்டாரை எட்டிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"மாப்ள சார், இது த்ரீ பேஸ் மோட்டார். உங்க வீட்டுக்கு வர்றது சிங்கிள் பேஸ்."

"ஓடாதா?"

"நல்லா நிக்கும். மேல துணி காயப் போடலாம்."

ஊரில் மூன்று பேஸ் லைன் இருந்தது ஒரே இடத்தில். சாமை மிஷின் கொட்டகை. அது ரோட்டுக்கு மேலே, கல்படி ஏறிப் போகிற மேட்டில் இருக்கிறது. லாரி போகாது. அக்காவிடம் கேட்டேன். "ஒரு மூலையில வெச்சுக்கோங்க. எங்க மிசினுக்கும் தொணையா இருக்கும்" என்றார்.

மோட்டார், சக், டெயில் ஸ்டாக் எல்லாவற்றையும் கழற்றித் தனித்தனியாகக் கொண்டுபோய்விட்டு, லேத்தைக் கயிறு கட்டி மூங்கிலில் மாட்டிப் பன்னிரண்டு பேர் தூக்கினார்கள். தூக்குவதற்கு முன்னால் பன்னிரண்டு பேரும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்ததைப் பார்த்தேன். வழுக்கும் என்று கழற்றுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். வழியில் ஒரு இடத்திலும் கீழே வைக்கவில்லை. தோள் மாற்றினார்களே தவிர இறக்கவில்லை. கொட்டகை வாசலில் சரசுவும் இரண்டு பெண்களும் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. புதுச் சாமான் வந்ததற்கு இவ்வளவு மரியாதையா என்று.

மரியாதை எனக்கோ சாமானுக்கோ இல்லை. இந்த ஊரில் மூங்கில் கட்டித் தோளில் தூக்கி வருவது சாமியை மட்டும்தான். அதனால் தோளில் வந்த எதுவும் சாமி மாதிரிதான். செருப்புப் போடக் கூடாது. நடுவில் இறக்கக் கூடாது. மறுநாள் காலையில் குளிக்க வைக்காமல் வேலையில் இறக்கக் கூடாது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டார்கள்.

அன்று அறுப்புக்கு எட்டு நாள் இருந்தது.

தையல்

வாசல்படியில் உட்கார்ந்திருந்த என்னைப் பாப்பாத்தியக்கா திரும்பிப் பார்த்தார்.

"என்னங்க மாப்ள, மொகம் இப்பிடி இருக்குது?"

"அக்கா, இதுக்குத் தண்ணி ஆகாதுக்கா."

"எங்க மிசினையும் வந்தன்னிக்கு இப்பிடித்தான் குளிக்க வெச்சோம். அது ஓடலீங்களா?"

அது ஓடிய லட்சணத்தை நான் சொல்லவில்லை.

"அதுவுமில்லாம, இந்தப் பச்சைய அடிச்சவரு அழுக்கைத் தொடைக்காமயே அடிச்சிருக்காரு. நாரு பட்டாலே உதுருது. இங்க வந்து பாருங்க, உங்க மிசினுக்குத் தையல் போட்டிருக்குது."

எழுந்து போனேன். சக்கைத் தாங்கும் பெரிய பெட்டிக்குக் கீழே, பெட்டின் வயிற்றில், பச்சைக்கு அடியில் இருந்த பூச்சும் உதிர்ந்திருந்தது. அங்கே ஒரு சாண் நீளத்துக்கு இரும்பு விரிசல் விட்டிருந்தது. யாரோ அதைப் பித்தளையால் ஒட்டியிருந்தார்கள். புளித் தண்ணீர் பட்டு அந்தப் பித்தளைக் கோடு தங்கச் சரிகை மாதிரி மின்னியது. பெண்கள் நால்வரும் அதைத்தான் ரசித்துக்கொண்டிருந்தார்கள்.

பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். முருகேசன் நான்காவது தடவை எடுத்தார்.

"விரிசலுங்களா? ஓ, அதுங்களா." குரலைத் தாழ்த்தினார். "அண்ணா, ஒரு விஷயம் சொல்றனுங்ணா. தையல் போட்ட எடம் ஒடையவே ஒடையாதுங்ணா. ஒடைஞ்சா மத்த எடந்தான் ஒடையும்."

ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தேன்.

பஸ் வந்து நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தார். அன்று ஏறியிருக்கலாம். பழைய நானாக இருந்தால் ஏறியிருப்பேன். பை வீட்டில் இருந்தது, அது ஒரு காரணம். இன்னொரு காரணம், ஈரத்தோடு விட்டுவிட்டு வந்த லேத்து. மலைக் குளிரில் மதியத்துக்குள் துரு ஏறிவிடும். முதலில் அதைத் துடைக்க வேண்டும்.

கொட்டகைக்குத் திரும்பினேன். பழைய சேலைகளால் துடைத்தோம். மூலை முடுக்கில் இருந்த செங்கல் தூளைக் கோழி இறகால் வழித்தோம். இரண்டு சட்டியில் கரி நெருப்பு வைத்து உலர்த்தினோம். மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு என்னிடம் இல்லை. பாப்பாத்தியக்கா வீட்டுக்குப் போய் ஒரு போத்தல் விளக்கெண்ணெயோடு வந்தார். "கொழந்தைக்கு ஆகுறது இதுக்கு ஆகாதா?" பெட் முழுக்கப் பூசினோம். கொட்டகையே, எண்ணெய் தேய்த்துக் குளிக்க உட்கார்ந்திருக்கும் கைக்குழந்தையின் தலைமாதிரி மணந்தது. இன்றுவரை அந்த லேத்துக்கு அந்த வாசனை போகவில்லை.

அப்போதுதான் இன்னொன்றைப் பார்த்தேன். கியர் பெட்டியின் முகத்தில், நேற்றுவரை பச்சையாக இருந்த இடத்தில், ஒரு பித்தளைத் தகடு பளபளத்தது. புளி அதைத்தான் நன்றாகப் பிடித்திருந்தது. தகடு முழுக்கச் சின்னச் சின்ன எண்கள், கட்டம் கட்டமாக. எந்த அளவுத் திருகுமரை போட எந்தெந்தப் பல்சக்கரம் மாட்ட வேண்டும் என்ற அட்டவணை.

ஷாஃப்டின் முனையில் நட்டு மாட்ட மரை போட வேண்டும். அதை எப்படிப் போடுவது என்று தெரியாமல்தான் நான் இத்தனை நாள் தைரியமாக இருந்தேன். சாக்கைக் கொட்டிச் சக்கரங்களின் பற்களை எண்ணினேன். எனக்கு வேண்டிய வரிசையில் ஒன்றுகூடக் குறையவில்லை.

"மாப்ள சிரிக்கிறாருங்க" என்றாள் ஒருத்தி.

பக்கத்துக் குழி

சேவியர் வந்து லைன் கொடுத்தார். லேத்து ஓடியது. "டக், டக், டக்" என்று பாட்டில்லாமல் ஓடியது. தையல் அசையவில்லை.

உடைந்த பழைய ஷாஃப்ட் துண்டைச் சக்கில் மாட்டிக் கடைந்து பார்த்தேன். முதல் தடவை உளி முறிந்தது. இரண்டாவது தடவை நான் வேகமாகத் தள்ளி, மாட்டியிருந்த துண்டே கழன்று பறந்து, தகரச் சுவரில் ஒரு பள்ளம் போட்டது. பள்ளம் இன்னும் இருக்கிறது. நாலாவது நாள் ஓரளவு கை வந்தது. வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்தேன். ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் ஒரு தலைமுடி கனம் வித்தியாசம். திரும்பத் திரும்பக் கடைந்தாலும் அதே வித்தியாசம். உளி வண்டி, பெட்டில் தேய்ந்த பள்ளத்தில் இறங்கி ஏறியது.

பேரிங் உட்காருகிற இடத்தில் அந்தத் தலைமுடிதான் போன ஷாஃப்டை உடைத்தது. என்னிடம் இருந்தது ஒரே ராடு. அறுப்புக்கு மூன்று நாள்.

பாப்பாத்தியக்கா சாமைக் கதிர் பார்த்துவிட்டு, கையில் அரிவாளோடு உள்ளே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். பெட்டில் பள்ளம் இருக்கிறது, இங்கே கடைந்தால் சரியாக வராது என்றேன்.

"பள்ளம் முழுக்கவா இருக்குது?"

"இல்லைக்கா. சக் பக்கத்துல மட்டும். அந்தக் கடைசி நல்லாத்தான் இருக்கு."

"அப்ப அந்தக் கடைசியில வேலையப் பாருங்க. பாறையில ஒரு குழி ஆழமாயிருச்சுன்னா நாங்க பாறையவா மாத்துவோம்? பக்கத்துக் குழிக்குப் போவோம். இதுக்கு மூணு நாளா மண்டையப் போட்டு ஒடைச்சுக்கிட்டு இருக்கீங்களா?"

அக்கா போய்விட்டார். நான் வெகுநேரம் அந்தக் கடைக்கோடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாக்கில் வந்த இரண்டு கூர்முனைகளும் கொக்கியும் எதற்கு என்று அப்போது புரிந்தது. ராடைச் சக்கில் கவ்வ வேண்டியதில்லை. இரண்டு கூர்முனைகளுக்கு நடுவே நிறுத்தி, கொக்கி மாட்டிச் சுழற்றலாம். ஒரு முனையைக் கடைக்கோடியில், தேயாத பெட்டின் மேல் கடைந்துவிட்டு, ராடைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் மறுமுனையும் அதே நல்ல இடத்துக்கு வந்துவிடும். பேரிங் உட்காரும் இரண்டு இடமும் முனைகளில்தான் இருக்கின்றன. நடுவில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

பழைய துண்டில் இரண்டு முறை செய்து பார்த்தேன். வெர்னியர் இரண்டு முனைக்கும் ஒரே எண்ணைக் காட்டியது. வெர்னியர்மேல் சந்தேகப்பட்டு மூன்று முறை அளந்தேன்.

மறுநாள் புது ராடை மாட்டினேன். சரசு வந்து ஓரமாக நின்றாள். கடைசல் இரும்பு நீல நிறத்தில் சுருண்டு சுருண்டு விழுந்தது. ஒவ்வொரு சீவலும் முந்தினதைவிட மெலிதாக எடுத்தேன். பேரிங்கைக் கையில் வைத்துத் தள்ளிப் பார்ப்பேன், ஏறாது. இன்னொரு மெல்லிய சீவல். மறுபடி தள்ளிப் பார்ப்பேன். மத்தியானச் சாப்பாடு போய்விட்டது. பொழுது சாயும் நேரத்தில் பேரிங், கையால் தள்ளினால் ஏறாமலும் மரச் சுத்தியால் தட்டினால் ஏறியும் உட்கார்ந்தது. அப்படித்தான் உட்கார வேண்டும்.

பித்தளைத் தகட்டைப் பார்த்து மரை போட்டேன். நட்டு, வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது.

"முடிஞ்சுதுங்களா?" என்றாள் சரசு.

"முடிஞ்சுது."

"அப்ப வந்து சோறு தின்னுங்க."

மஞ்சள் கோடு

அறுப்புத் தொடங்கிய மூன்றாம் நாள் முதல் மூட்டை சாமை கொட்டகைக்கு வந்தது. சேவியரும் வந்திருந்தார். அக்கா சுவிட்சைப் போட்டார். நான் ஷாஃப்டின் பேரிங் மேல் கையை வைத்தேன். ஆட்டம் இல்லை, சூடு இல்லை. ஒரு பக்கம் உமி பறந்தது. இன்னொரு பக்கம் மங்கலான வெள்ளையில் அரிசி விழுந்தது. அக்கா ஒரு கை அள்ளி வாயில் போட்டு மென்றார்.

"அருவாள்ல கடைஞ்சாப்புல தெரியலீங்க மாப்ள" என்றார்.

மிஷினைக் கேட்டுக்கொண்டிருந்த கீழ்நாட்டுக்காரரிடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். உலக்கைகள் பந்தலிலேயே நிற்கின்றன. எடப்புளி, திருப்புலி என்று மலையின் மற்ற ஊர்களிலிருந்தும் இப்போது சேலையில் சுற்றிய ஷாஃப்டுகள் பஸ்ஸில் என்னிடம் வருகின்றன. கண்டக்டர் இறக்கிவிடும்போது, "மாப்ள, உங்க கொழந்தை வந்துருச்சு" என்கிறார்.

சரசு என் பழைய பையில் விதை மிளகு போட்டு வைத்திருக்கிறாள்.

பாப்பாத்தியக்காவோடு ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டேன். லேத்துக்கு இனிமேல் குளியல் கிடையாது. பித்தளைத் தகட்டை மட்டும் புளி போட்டுத் துலக்கிக்கொள்ளலாம். அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் வெள்ளிக்கிழமை தோறும் தையல் போட்ட இடத்தில் மஞ்சள் குழைத்து ஒரு கோடு இழுப்பதை விடமாட்டேன் என்றுவிட்டார். அடிபட்டுத் தையல் போட்ட உடம்பு, மஞ்சள் வைக்காமல் இருக்கலாமா என்று கேட்டார்.

நான் மறுக்கவில்லை. மெல்லிசாகப் பூசின மஞ்சள் காய்ந்தால் இரும்போடு ஓடாக ஒட்டிக்கொள்கிறது. அடியில் விரிசல் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் மேலே மஞ்சள் பிளந்து காட்டிவிடும். அதனால் வெள்ளிக்கிழமைகளில் அக்கா கிண்ணத்தோடு வருவதற்கு முன்னால் நான் போய்விடுகிறேன். மண்டி போட்டு, டார்ச் அடித்து, போன வாரத்துக் கோட்டை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை பார்க்கிறேன்.

"வேலை நல்லா வந்தப்பறம் மாப்ளைக்குப் பக்தி வந்துருச்சு" என்று அக்கா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போன வெள்ளியும் பார்த்தேன். கோடு முழுசாக இருந்தது.